கிரேக்க ராசா வேஷத்துக்கு ஆள் தேடியது

பதுளையில் பயாஸ்கோப்புக் கூடாரம் போட்டிருந்த சமயம், நமுனுகுல பக்கத்து எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி நிறையப் போய்ப் பார்த்தோம். வெள்ளைத் துணியில் வெள்ளைக்காரர்கள் பேச்சில்லாமல் ஓடினார்கள், விழுந்தார்கள், கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். முத்தம் வந்தபோது வண்டிக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். என் மனைவி குனியவில்லை. அதை நான் கவனித்தேன். கவனிப்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் உத்தியோகம்.

காரணம், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த மருந்தய்யா. திருச்சியில் இங்கிலீஷ் படித்தவர். சுருட்டைத் தலை, நறுக்கிவிட்ட மீசை. நான் கணக்கப்பிள்ளை. நாற்பதைத் தாண்டிய தொப்பை. ஆனாலும் கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் யாராவது சிரித்தால் அது நான் சிரிக்கவைத்ததாகத்தான் இருக்கும் என்றொரு பெயர் எனக்கு இருந்தது. மருந்தய்யா வந்தபின் என் வேடிக்கைப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் வந்த மாதத்திலிருந்து என் மனைவிக்குத் தலைவலியும் வந்தது. அதற்கு முன்னும் வந்ததுண்டு. என் பேச்சால் வரும், நான் வெளியே போனால் போய்விடும். இப்போது மருந்து வாங்கக் காலிப் போத்தலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் ஊற்றிக்கொடுத்த சிவப்புத் தண்ணீரை நானும் திருட்டுத்தனமாகக் குடித்துப் பார்த்தேன். கசந்தது; மருந்துதான். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பதுளையில் தங்கிவிட்டுக் காலையில் திரும்பும்போது எங்களோடு வந்திருந்த மருந்தய்யா வண்டியில் ஒரு கதை சொன்னார். கிரேக்க தேசத்துப் பழைய காவியமாம். ஒரு ராசா கடல் தாண்டிச் சண்டைக்குப் போகிறான். திரும்பி வரமுடியாமல் வருஷக்கணக்கில் அலைகிறான். ஒற்றைக்கண் ராட்சசன் வேறு பிடித்து வைத்துக்கொள்கிறான். இங்கே ராணியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு கூட்டம் அரண்மனையில் உட்கார்ந்து தின்றே தீர்க்கிறது. துணி நெய்து முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று அவள் பகலில் நெய்து ராத்திரியில் பிரித்துவிடுகிறாள். கடைசியில் ராசா பிச்சைக்காரன் வேஷத்தில் வருகிறான். அவனுடைய கிழட்டு நாய்க்கு மட்டும் ஆளைத் தெரிகிறது. அவனைத் தவிர யாராலும் வளைக்க முடியாத வில்லை வளைத்து எல்லாரையும் தீர்க்கிறான்.

"இதை ஒருநாள் பயாஸ்கோப்பா எடுப்பாங்க, பாருங்க" என்றார்.

"எடுத்தா யாரு யாரு என்ன வேசம்?" என்று கேட்டது என் மனைவிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் இதே பேச்சு. ஒற்றைக்கண் ராட்சசனுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு கண்ணில் மட்டும் கண்ணாடி செருகியிருக்கும் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரப் பெரிய தொரை இருந்தாரே! தின்று தீர்க்கும் கூட்டத்துக்குக் கூலிகளை மேய்க்கும் கங்காணிமார் என்றேன். அதற்குக் கங்காணிமாரும் சிரித்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததற்குத் தயாரானேன். அதற்குள் தலைக்கங்காணி சம்சாரம் குறுக்கே விழுந்தாள்.

"ராசாவுக்கு நம்ம மருந்தய்யாவ விட்டா வேற ஆளு ஏது? ராணிக்கு..." என்று என் மனைவியின் மோவாயைத் தொட்டாள். "இவதான். கண்ணப் பாருங்க!"

"அட, போங்கக்கா" என்றாள் என் மனைவி. அந்த 'போங்கக்கா'வில் போகச் சொல்லும் தொனியே இல்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "வருஷக்கணக்கில அலஞ்சு வந்த ராசாவுக்கு நரை வேணாமா? தொப்பை வேணாமா?" என்றேன்.

"அலஞ்சவனுக்கு எப்புடிண்ணே தொப்பை வரும்?" என்றாள் தலைக்கங்காணி சம்சாரம். அதற்குச் சிரித்தார்கள்.

மறுநாள் கொல்லைப்புறத்தில் சவுக்குக் கம்பு ஒன்றை வளைத்து நாண் கட்டிப் பார்த்தேன். கம்பு வளைந்தது. பிறகு நிமிர்ந்தது. நிமிர்ந்த இடத்தில் என் நெற்றி இருந்தது. கட்டுப் போட யாரிடம் போவது? அவரிடம்தான் போனேன்.

"எப்புடிங்க பட்டுச்சு?"

"கதவுங்க."

"கதவு நல்லா வளஞ்சிருக்கும்போல" என்று சொல்லிப் பஞ்சை அழுத்தினார். நல்ல மனுஷர். அதுதான் பொறுக்கவில்லை.

ராசா யார் என்ற இழுபறியைத் தீர்க்கக் கூத்து வாத்தியாரை நானே போய்க் கூப்பிட்டேன். மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்கிறவர் அவர். அவர் நீட்டும் வெற்றிலையைக் கையில் வாங்கினால் வேஷம் உன்னுடையது. வாங்கியதைத் திருப்பக் கூடாது. பயாஸ்கோப்பு வெறும் பேச்சு என்று சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவருக்குக் கதை என்றால் கூத்து, கூத்து என்றால் வெற்றிலை. வெற்றிலைத் தட்டோடு வந்து, முழுக் கதையையும் மருந்தய்யாவைச் சொல்லவைத்துக் கேட்டு, கண்ணை மூடி யோசித்தார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்து, "இந்தக் கதையத் தாங்குற வேசம் இது" என்று கூட்டத்தைப் பார்த்தார்.

மருந்தய்யா பக்கம் அந்தக் கை திரும்புவதற்குள் பாய்ந்து வாங்கிவிட்டேன்.

"நல்லது" என்றார் வாத்தியார். "ஒனக்குத்தான் கொண்டாந்தேன். ராணி."

காமன் கூத்தில் பெண் வேஷமும் ஆண்தான் கட்டுவான். இத்தனை வருஷம் பார்த்தவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. பொறாமைக்காரன் மூளைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும்.

"நானா? ஏன் வாத்தியாரே?"

"வீட்ட விட்டு நகராம, யாரு வாரா, யாரு போறான்னு வாசலையே பாத்துக்கிட்டிருக்கியே! ராணிக்கு வேற என்னப்பா வேல?"

ராசா வெற்றிலை மருந்தய்யாவுக்குப் போனது. "அப்ப எனக்காகக் காத்திருப்பீங்கள்ல?" என்று அவர் என்னைக் கேட்க, லயமே உருண்டது. என்னால் எழுந்த சிரிப்பிலேயே பெரியது அதுதான். அதை நான் வரவழைக்கவில்லை என்பதுதான் குறை. ஆனால் ஒன்று. இனி அந்த ராசாவுக்குப் பக்கத்தில் என் மனைவி நிற்க முடியாது. நடுவில் நான் இருக்கிறேன், புடவை கட்டிக்கொண்டு.

வீட்டுக்கு வந்தபின்னும் அவள் சிரிப்பு அடங்காமல் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"நீ வெத்தல வைக்கிறதா இருந்தா எனக்கு என்ன வேசம் குடுப்ப?"

"அந்த நாய் வேசம்" என்றாள் யோசிக்காமல். "அது ஒண்ணுதான் ஆளு மாறாம அங்கேயே கெடந்துச்சு."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப ராசா யாருடி?"

"நாய்க்கு எதுக்கு அது? சோத்தத் தின்னுங்க."

உட்கார்ந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருந்துப் போத்தலைக் கழுவி, மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுத் திரி செருகியிருந்தாள். இனி மருந்துக்கு எதை எடுத்துக்கொண்டு போவாள்? கேட்கவில்லை. ஆனால் அடுக்களையில் வேறு காலிப் போத்தல் ஏதும் இருக்கிறதா என்று, சோற்றைப் பிசைந்தபடியே, ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.