அண்ணி கையால் செத்த அப்பாக்கள்

என் அண்ணியின் கையால் செத்த அப்பாக்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். எல்லோரும் குத்துக்கல் மாதிரி நன்றாகவே இருக்கிறார்கள், தினமும் காலையில் பால் வாங்க வருகிறார்கள்.

அண்ணி நடத்துவது ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், மூலையில் நானும் என் ஜெராக்ஸ் மெஷினும். கல்லூரி விண்ணப்பக் காலம் வந்தால் அண்ணிக்குச் சோறு தண்ணி கிடையாது. 'பொறியியல் ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கட்டுரை கேட்கிறார்களே, அதற்குப் பிள்ளைகள் 'பிடிக்கும்' என்று ஒற்றை வரி எழுதிவிட்டு முழிப்பார்கள்.

"பிடிக்கும்னா யாருடி சீட்டு குடுப்பா? கட்டுரையைப் படிக்கறவன் கண்ணுல தண்ணி வரணும்" என்று அண்ணி கீபோர்டை இழுத்துக்கொள்வார்.

ஒருமுறை, நிஜமாகவே அப்பாவை இழந்த பையனுக்கு எழுதிக் கொடுத்தார். அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி; அதிலிருந்து யார் வந்தாலும் கட்டுரையில் அவர்கள் அப்பாவைச் சாகடித்துவிடுவார். நானும் சொல்லிப் பார்த்தேன். "உனக்கென்ன தெரியும், நீ பேப்பரை நேரா வை" என்று வாயை அடைத்துவிட்டார்.

பெயிண்டர் மகள் வந்தது கடைசி நாள் சாயங்காலம். உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்வது அந்த ஒரு கல்லூரிதான். அதை விட்டால் அவளுக்குப் படிப்பே இல்லை. அண்ணி அசராமல் தட்டினார்: அப்பா நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார், அன்றே மகள் பொறியாளராவேன் என்று சபதம் எடுத்தாள். பெண் நெளிந்தாள்.

அப்போது பெயிண்டரே உள்ளே வந்தார், காதோரம் வெள்ளைப் பெயிண்ட் காயாமல். மகளின் கட்டுரையாயிற்றே என்று ஆசையாகத் திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார். அண்ணி கையால் மறைக்கப் பார்த்தும் நடக்கவில்லை.

"நாலாவது மாடியா?" என்றார். "நமக்கு ரெண்டு மாடிக்கு மேல யாரும்மா வேலை குடுக்கறா?"

மறுபடி திரையைப் பார்த்தார்.

"இப்படி எழுதினா சீட்டு கெடைச்சிடுமா?"

"கெடைக்கும்ணே" என்றார் அண்ணி.

"அப்ப இருக்கட்டும்." சட்டை நுனியைத் திருகிக்கொண்டு யோசித்தார். "சேர்க்கற அன்னிக்கு நான் காலேஜ் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கறேன். அவங்கம்மா கூட்டிட்டுப் போகட்டும்."

மனுஷன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அண்ணியின் விரல் மவுசின் மேலேயே நின்றது. பெண்தான் எட்டி எல்லாவற்றையும் அழித்தாள்.

"ஏய், என்ன பண்றே! நேரம் ஆகுது!" பெயிண்டர் பதறிப்போனார்.

"நீ உள்ள வரணும்பா. வரலேன்னா எனக்கு அந்தக் காலேஜே வேணாம்" என்று விம்மினாள்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, ஒப்பாரி போதும். எதுக்குடி படிக்கணும்? உன் வாயால சொல்லு" என்றார்.

"அப்பா சாரத்துல ஏறினா நான் கீழ நின்னு கயித்து முடிச்சையே பாத்துட்டிருப்பேன்க்கா. எது தாங்கும், எது தாங்காதுன்னு கணக்குப் போடத் தெரிஞ்சா, பயப்படாம வீட்ல இருக்கலாம்ல."

அண்ணி தட்ட ஆரம்பித்தார். பெயிண்டர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதுலேர்ந்து ஸ்கூல் விட்டதும் நான் வேலை செய்யற எடத்துக்கு ஓடி வருவியே, அதுக்கா? நீ ஐஸ் வாங்கக் காசுக்குத்தான் வர்றேன்னு நெனச்சுட்டேனே" என்றார்.