ஃபோர்த்வித் என்றால் உடனடியாக

டைப்பிங் சென்டர் நடத்துகிறவளுக்கு நல்ல சேதியை அடிக்கும் யோகம் அநேகமாகக் கிடையாது. வக்கீல் நோட்டீஸை ஒரு தடவையாவது கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களுக்கு இது புரியும்.

சொல் வந்த வழி

பாப்பிரெட்டிப்பட்டியில் கடை போட்ட புதிதில், எந்த நோட்டீஸை அடித்தாலும் ‘ஃபோர்த்வித்’ என்று ஒரு சொல் வந்தது. வக்கீலிடம் அர்த்தம் கேட்டேன். ‘ஃபோர்த்’ என்றால் முன்னே, ‘வித்’ என்றால் கூட. பழைய இங்கிலீஷில் இரண்டும் சேர்ந்து ‘கூடவே’ என்றுதான் இருந்ததாம். கூடவே நடப்பது தாமதமில்லாமல் நடப்பதாகி, இப்போது ‘உடனடியாக’. நம் ‘உடன்’ ‘உடனே’ ஆன மாதிரிதான். பேச்சில் யாரும் சொல்லாத இந்தக் கிழட்டுச் சொல்லை ஏன் சார் விடமாட்டேன் என்கிறீர்கள் என்றேன். எரிச்சலோடு சொன்னார்: “அது இல்லாத நோட்டீஸை எவன்மா மதிக்கிறான்?”

ஒரே வீடு, இரண்டு வாசல்

எங்கள் பக்கம் நோட்டீஸ் அனுப்புவது சண்டைக்கு வெற்றிலை பாக்கு வைப்பதுதான். வாங்கியவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கத்த வருவார்; பிறகு உட்கார்ந்து பேசி முடிப்பார்கள்.

போன வருஷம் முருகேசன் என்பவர் தன் தங்கை செல்விக்கு அனுப்பிய நோட்டீஸை நான்தான் அடித்தேன். தொப்பூர் கணவாயில் லாரி மோதிப் புருஷன் போனதும், அவள் பிள்ளைகளோடு அப்பா வீட்டின் ஒரு பாதியில் வந்து குடியிருந்தாள். அந்தப் பாதியையும் என் பேருக்கு எழுதிக் கொடு என்றார் அண்ணன்; மாட்டேன் என்றாள். உடனே ‘ஃபோர்த்வித்’ காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்.

ஊரில் இங்கிலீஷைப் படித்துச் சொல்வதும் என் கடைதான். தபாலோடு செல்வியே வந்து நின்றாள். நான் அடித்ததை நானே படித்துச் சொன்னேன். ‘உடனடியாக’ என்ற இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டினேன். உனக்கும் பங்கு உண்டு, பதில் போடலாம் என்றேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை: “நடுவுல ஒரு செவுருதானுங்க்கா. தட்டிச் சொல்லியிருந்தாலே எனக்குக் கேட்டிருக்குமே.”

அண்ணன் வந்தார்

அடுத்த வாரம் முருகேசன் வந்தார். செல்வி மறுநாளே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலக்கோடு தக்காளி மண்டிக்குக் கூலிக்குப் போய்விட்டாளாம். போனும் எடுப்பதில்லை. கத்த வருவாள், பேசிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று காத்திருந்தவருக்கு, பக்கத்தில் பிள்ளைகள் சத்தம் இல்லாமல் வீட்டில் இருக்கவே முடியவில்லையாம். எனக்குக் கோபம்தான் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “மெரட்டிப் பாக்கத்தானுங்க அனுப்புனேன், நெசமாவே போயிருவான்னு யாருங்க கண்டது?”

நான் அடித்த அத்தனை ‘உடனடியாக’வுக்கும் சொன்னபடி கிளம்பியவள், போக்கிடமே இல்லாத அந்த ஒருத்திதான்.