வடைக்கு அனுமதி கொடுக்கும் கைப்பட்டை

டிபன் கடைக்காரனுக்கு முதல் எதிரி எதிர்க்கடைக்காரன் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை, வாடிக்கையாளரின் மணிக்கட்டுதான். கல்லாவில் உட்கார்ந்து வயிறெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது அவர்களுக்குப் புரியும்.

என் கடை வங்காளத்தில், கரியாஹாட் கடைத்தெருவுக்கும் லேக்குக்கும் நடுவே ஒரு சந்தில் இருக்கிறது. விடிந்ததும் லேக்கைச் சுற்றி நடந்துவிட்டு வரும் கூட்டம்தான் என் காலை வியாபாரம். அவர்கள் வடையைத் தொடவில்லை என்றால் மதியம்வரை நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

கை சொன்னால்தான் வாய்

முன்பெல்லாம் உள்ளே வருகிறவர்கள் வடைத் தட்டைப் பார்ப்பார்கள். இப்போது மணிக்கட்டைப் பார்க்கிறார்கள். இதை ஆரம்பித்து வைத்தவர் வைத்தியநாதன் சார், பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்துக்கு முன்னால் கடை நிறைய ஆள் இருக்கும்போது என் சாம்பாரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசம் பிரமாதம்" என்றவர். நான் மறக்கவில்லை.

நியூ டவுனில் இருக்கும் அவர் மகன் விலை கூடிய கைப்பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தான். நடந்ததில் எத்தனை கலோரி எரிந்தது என்று அது சொல்லுமாம். சார் அதைப் பார்ப்பார், என் வடையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். "இந்த நடைக்கு ஒரு இட்லிதான் சண்முகம்" என்பார். அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் ஆளுக்கொரு இட்லியில் நின்றார்கள். என் கடையில் சாப்பிட்டே தமிழ் கற்ற, அண்ணனைத் தாதா என்கிற வங்காளி சுபீர்தாகூட எடுத்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "வடை நல்லாத்தான் இருக்கு தாதா, என் கைக்குத்தான் பிடிக்கலை."

மரியாதை தெரிந்த பட்டை

அடுத்த வாரம் சுபீர்தா கரியாஹாட் நடைபாதையில் மலிவாக ஒரு பட்டை வாங்கிக்கொண்டு வந்தார். வைத்தியநாதன் சாரோடு பக்கத்தில் பக்கத்தில் நடந்தவர்தான். ஆனாலும் சாருக்குக் காட்டியதைப்போல இரண்டு மடங்கு இவருக்குக் காட்டியது. இரண்டு வடையும் ஒரு மசால் தோசையும் சாப்பிட்டார். சாருடைய பட்டை வயசு என்ன, எடை என்ன என்றெல்லாம் கேட்குமாம். சுபீர்தாவினுடையது ஒன்றும் கேட்காது. மரியாதை தெரிந்த பட்டை.

எதை வாங்கலாம் என்று எல்லோரும் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். நடைபாதைப் பட்டையைத்தான் மனதார சிபாரிசு செய்தேன். பெஹாலாவிலிருந்து பஸ்ஸில் வரும் சரோஜா மாமியும் ஒன்று வாங்கினார். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்துவிட்டார். லேக் பக்கமே போகவில்லை. பஸ் குலுக்கியதை எல்லாம் பட்டை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தது. "இனிமே நான் எதுக்கு நடக்கணும்? பஸ்ஸே எனக்காக நடக்கறது, ரெண்டு வடை கொண்டா!"

என் கையில் பரீட்சை

வைத்தியநாதன் சாருக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் தன்னுடையதைப்போலவே நல்ல பட்டையாகத் தள்ளுபடியில் மகன் மூலம் வாங்கித் தருவதாகக் கிளம்பினார். அது நடந்தால் என் வடைச்சட்டியைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். சுபீர்தா விடவில்லை. இரண்டு பட்டையையும் ஒரே கையில் கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். மறுபடி லேக்கைச் சுற்ற யாரும் தயாராக இல்லை. வேர்வையோடு நின்றவன் நான் ஒருவன்தான். என் வலது கையில் கட்டினார்கள். சார் தன் பட்டையில் பதிவதற்காக என் எடையைக் கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். இதையும் நான் மறக்க மாட்டேன்.

காபி ஆற்றிக்கொண்டே இருந்தேன். கூட்டம் ஓய்ந்ததும் பார்த்தால், நடைபாதைப் பட்டையின் கணக்குப்படி நான் லேக்கைப் பல சுற்று ஓடியிருக்கிறேன். சாருடையதும், கஞ்சத்தனமாக என்றாலும், கொஞ்சம் காட்டத்தான் செய்தது. அதை மட்டும் அவர் இரண்டு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு சொன்னார்: "பொய் சொல்ற பட்டையும் தண்ணி சாம்பாரும், ரெண்டும் இந்தக் கடைக்குத்தான் பொருத்தம்."

சாரின் பயிற்சி

தள்ளுபடிப் பட்டை வருவதற்குள் ஒரு நாள், எல்லோரும் போன பிறகு சார் மட்டும் உட்கார்ந்திருந்தார். சுபீர்தா தினமும் தன் எதிரிலேயே வடையைச் சாம்பாரில் முக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து ஆள் வாடிவிட்டார். மலிவுப் பட்டை வாங்கலாம் என்றால், அதை ஊரறியத் திட்டியாகிவிட்டது. மெதுவாக எழுந்து வந்து, "அந்த டவராவைக் கொஞ்சம் குடும்" என்றார்.

பட்டையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு ஆற்றினார். முதல் காபி தரைக்கு, இரண்டாவது என் வேட்டிக்கு. ஆனால் பட்டையில் எண் ஏறியது. ஏறியதும் ஒரு வடை கேட்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். தள்ளுபடிப் பேச்சு அதோடு நின்றுபோனது. "ஒத்தாசைக்கு நன்றி சார்" என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கோபம் வந்துவிட்டது. "ஒத்தாசையாவது மண்ணாவது! நான் எக்சர்சைஸ் பண்றேன் ஓய், பேரை மாத்தாதீர்!"

சாம்பாருக்குச் சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை நியூ டவுனிலிருந்து டாக்சி பிடித்து ஒரு தமிழ்ப் பையன் வந்தான். ஐ.டி. கம்பெனி, கையில் விலை கூடிய பட்டை. ஒரு வடையை இரண்டாகப் பிய்த்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "அங்கிள், ரசம் சூப்பர், சாம்பார் எப்ப வரும்?" என்றான்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அதற்குள் பின்னால் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக் காபி ஆற்றிக்கொண்டிருந்த வைத்தியநாதன் சார், கை நிற்காமலே கத்தினார்: "இதுதான்டா சாம்பார்! எங்க கடையில இருபது வருஷமா இப்படித்தான், வாயை மூடிண்டு முக்கிச் சாப்பிடு!"

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்றாலும், பட்டை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: மலிவானதை வாங்கினால் எனக்கு வடை விற்கும், விலை கூடியதை வாங்கினால் எனக்குச் சம்பளமில்லாமல் ஓர் ஆள் கிடைக்கும், ஆகையால் நீங்கள் எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதமே.