கப்பி ஆறுவதற்குள்...

ஈஸ்டர் காலை. கோவிலில் இருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்கு ஓடினேன். மாவுச் சட்டியின் மூடியைத் திறந்தால்... ஒரு குமிழி இல்லை!

எனக்குக் காத்திருக்கத் தெரியாது என்பது உங்களுக்குப் புதிதா என்ன? மகள் ஜெனி வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று குதித்தேன். கோபித்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் சென்னையில் இருந்து வரவில்லை. போன வாரம்தான் போன் செய்தாள்.

"ஈஸ்டருக்கு வாறேன். ஆப்பம் வேணும். கல்யாணப் பேச்சு எடுத்தா அடுத்த ரயில்ல திரும்பிருவேன்."

அந்த ஆப்பத்தைத்தான் கெடுத்து வைத்திருந்தேன்.

ஆப்பத்துக்குக் கப்பி காய்ச்சுவோமே — மாவில் கொஞ்சம் எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஈஸ்ட் போட்ட மாவிலேயே திரும்பச் சேர்ப்பது. முந்தின நாள் என் மனைவி செலின் கோவில் அலங்காரத்துக்குக் கிளம்பும்போது, "நல்லா ஆறினப்புறம் ஊத்துங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். யாரிடம்? என்னிடம்!

மார்கழியில் தூங்குகிற மாவு, வெயில் காலத்தில் சட்டியை விட்டு வழிகிறதே. இன்னும் சூடு கொடுத்தால் இன்னும் சீக்கிரம்தானே? கொதிக்கக் கொதிக்கக் கவிழ்த்தேன். எப்படியும் காலையில் பொங்கிவிடும் என்று செலினிடம் சொல்லவும் இல்லை.

செலின் உயிரியல் டீச்சர். சட்டியை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"சூடோடயா விட்டிய?"

"கொஞ்சம்..."

"மாவைப் புளிக்க வைக்கது ஈஸ்ட்டில உள்ள என்சைமாக்கும். குளிர்ல மெதுவா வேலை செய்யும், இளஞ்சூட்டில வேகமா செய்யும். சூடு கூடினா அதுக்க உருவமே குலைஞ்சிரும். பிறகு எவ்வளவு ஆறவச்சாலும் எந்திரிக்காது."

"ஃபிரிட்ஜில் வச்சா?"

"வெந்த முட்டைய ஃபிரிட்ஜில வச்சா பச்சை முட்டை ஆகுமா?"

போன் அடித்தது. ஜெனி ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டாளாம்!

செலின் வெதுவெதுப்பான தண்ணீரில் சீனியும் புது ஈஸ்ட்டும் போட்டாள். விரலை விட்டுச் சூடு பார்த்தாள். பத்து நிமிஷத்தில் நுரைத்தது. டப்பாவில் மிச்சமிருந்த அரிசி மாவில் கலந்து மூடினாள்.

வாசலில் ஆட்டோ.

"ஆப்பம் எங்கப்பா?"

"ஒரு மணி நேரம் ஆகும், மக்கா. ஒரு அவசரமும் இல்ல."

பையைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். "இத நீங்களா சொல்றிய?"

"ஆப்பத்துக்கு மட்டுமில்ல. எல்லாத்துக்கும்தான்."

பையைக் கீழே வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க மூடியைத் திறக்கப் போனேன். "தொடாதீங்க!" என்று அம்மாவும் மகளும் சேர்ந்தே கத்தினார்கள்.

ஆப்பம் ஒன்பது மணிக்குத்தான் வெந்தது. அடுத்த ரயில் எப்போது என்று யாரும் கேட்கவில்லை!