சித்தப்பாவின் தெளிந்த குட்டை

சித்தப்பாவை நினைத்தால் அந்தக் கண்ணாடி டம்ளர்தான் முதலில் வருகிறது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடிக்கவே மாட்டார். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாதாம். கண்ணாடி டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். பால்காரரையும் அப்படித்தான் பார்ப்பார், எங்களையும் அப்படித்தான். நாங்கள் சும்மா சிரித்தாலும் எதற்கு என்று கேட்பார்.

நிலக்கரி மைன்ஸில் பம்ப் செக்‌ஷன் வேலை. ஷிஃப்ட் போக மீதி நேரத்தில், முத்தாண்டிக்குப்பம் பக்கம் சித்திக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த நிலத்தில் மீன்குட்டை வெட்டினார். கரைக்கு அந்தப் பக்கம் சித்தியின் ஒரே தம்பியின் குட்டை. இருவரும் ஒரே வண்டியில் வந்த கட்லா குஞ்சுகளைத்தான் விட்டார்கள். தவிடும் புண்ணாக்கும்கூட ஒன்றுதான். தம்பி மட்டும் ஏரித் தண்ணீரைப் பாய்ச்சினார். மைன்ஸ் வாய்க்கால் வந்து விழுந்து, எருமைகள் புரண்டு, வெயிலில் பச்சையேறிய தண்ணீர். சித்தப்பா போர்வெல் போட்டார்.

“அந்த மைன்ஸ் தண்ணிய பூமிக்கடியிலேர்ந்து இறைச்சு வெளிய வுடறவனே நான்தான். எங்கெங்க சுத்திகினு வருதோ, யாரு கண்டா?”

சித்தப்பாவின் குட்டையில் தரை தெரியும். மீன்களும் தெரியும், விரல் நீளத்துக்கு. பக்கத்துக் குட்டையிலோ தண்ணீர் தளும்பத் துள்ளும்.

“தண்ணி பச்சையா இருந்தாதான் மாமா, மீனுக்கு அதுலயே தீனி. ஏரித் தண்ணிய வுடுங்க” என்றார் தம்பி.

இவனுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று சித்தப்பாவுக்கு அதிலும் சந்தேகம். தன் குட்டையில் பெரிய மீன்களை அள்ளிக்கொண்டு பொடிசுகளை விட்டுவைக்கிறான் என்றே முடிவு கட்டினார். தன் மீன்கள் சிலவற்றைப் பிடித்து, அடையாளத்துக்கு வயிற்றுத் துடுப்பில் ஒன்றை நறுக்கி, திரும்பக் குட்டையில் விட்டார்.

தம்பியின் குட்டையில் வலை இழுத்த அன்று, குள்ளஞ்சாவடி வியாபாரிகள் பார்க்க, சித்தப்பா ஒவ்வொரு மீனையும் புரட்டினார். துடுப்பு நறுக்கிய மீன் ஒன்று கிடைத்தது.

“திருட்டு மீனு!”

“மழையில கர மேல எகிறி வந்திருக்கும் மாமா. துடுப்பப் பாக்கறீங்களே, மீனோட எடையப் பாருங்க. உங்க மீனுதான், எந்தத் தண்ணியில வளந்துது?”

சித்தப்பாவின் குட்டையிலேயே தங்கிய மீன்களைப் போல நாலு மடங்கு இருந்தது அது. சித்தப்பா துடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் எகிறித்தான் வந்ததா என்று எனக்கும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்ததை மறைப்பானேன். அதன்பிறகு தம்பி அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சித்தி மகளின் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. சித்தி அன்று சாப்பிடவில்லை.

சித்தப்பா இப்போது இல்லை. சித்தி ஏரித் தண்ணீரைத்தான் விடுகிறாள்; கையை முழங்கை வரை விட்டால் உள்ளங்கை தெரியாது, மீன் கொழுத்துக் கிடக்கிறது. போன மாதம் தம்பி சித்தியின் வீட்டுக்கு வந்தார். சித்திக்குக் கை கால் ஓடவில்லை.

“உக்காருடா, மொதல்ல தண்ணி குடி” என்று கைக்கு அகப்பட்ட டம்ளரில் கொண்டுவந்தாள். அது சித்தப்பாவின் கண்ணாடி டம்ளர்.

வாங்கிய தம்பி, அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். விளையாட்டுக்குத்தான் என்று நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் குடிக்கிறாரா என்று சித்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.