அம்மா ஸ்பெயினுக்குப் புறப்பட்ட கதை

ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் அப்பா எங்களுக்கு இட்லியில்தான் காட்டினார். தட்டில் இரண்டு இட்லிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, இது மாட்ரிட், இது லிஸ்பன் என்றார். பிறகு ஓரமாகச் சாம்பாரை ஊற்றி, "இதான் கடலு. கடைசி ரெண்டு நாளு இங்கன கெடப்போம்" என்று சொல்லிவிட்டு, லிஸ்பனைப் பிட்டுக் கடலில் முக்கி வாயில் போட்டுக்கொண்டார். அம்மா சிரித்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஸ்பெயின் எந்தப் பக்கம் என்று கேட்டால் இன்றைக்கும் அந்தத் தட்டில் இட்லி இருந்த பக்கம்தான் ஞாபகம் வரும்.

அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் பெயிண்ட் கடை. அந்த வருஷம் சரக்கு நன்றாகப் போனதால், பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் நல்ல வியாபாரம் காட்டிய கடைக்காரர்களைப் பெண்டாட்டியோடு வெளிநாடு கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு இடமில்லை. நான் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு ஒரே பிள்ளை. என்னை அத்தை பார்த்துக்கொள்வதென்று முடிவாகியிருந்தது.

கடைக்கு ஆர்டர் எடுக்க வரும் கம்பெனி அண்ணன் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கே வந்து பயணத்தை விளக்கினார்.

"மொத நாலு நாளு ஊரு சுத்திக் காட்டிருவோம்க்கா. மிச்ச ரெண்டு நாளு உங்க இஷ்டம். இன்னொரு ஊரு வேணும்னாலும் உண்டு, பீச்சு வேணும்னாலும் உண்டு."

"பீச்சுல ரெண்டு நாளு என்ன செய்வாவ?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய மாட்டாவ. படுத்துக் கெடப்பாவ."

"வெயில்லயா?"

"அதுக்குத்தானக்கா போறதே."

அம்மா நம்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வெயிலைத் தேடி எங்கேயும் போகவேண்டியதில்லை. பிறகு அவள், "ரெண்டு பேரும் ஒரே பிளைன்லயா போவோம்?" என்றாள்.

"பின்ன, அண்ணாச்சி முந்திப் போயி துண்டு போட்டு சீட்டு பிடிக்கணுமாக்கும்" என்றார் அவர். அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடலை நான் அதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதற்கு முந்தின வருஷம் தாத்தா செத்தபோது, வேன் பிடித்து எல்லாரும் ராமேஸ்வரம் போனோம். போகும்போது தாத்தா ஒரு சின்ன மண்பானையில், வாயில் துணி கட்டி, அப்பா மடியில் இருந்தார். அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முதுகைக் காட்டி நின்று, பானையைப் பின்பக்கமாகக் கடலில் விட்டார். "யாரும் திரும்பிப் பாக்கப்படாது" என்று மந்திரம் சொன்ன ஐயர் சொன்னார். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் தாத்தா இல்லை. கடல் என்றால் எனக்கு அதுதான். கூட்டிக்கொண்டு போன ஒருத்தரை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வருகிற இடம்.

இப்போது இரண்டு பேர் கடலுக்குப் போகிறார்கள். எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? போன தடவை விட்டுவிட்டு வந்தது அப்பா. அப்படியானால் இந்தத் தடவையும் விடப்போவது அப்பாதான். விடப்படுவது யார் என்பதை யோசிக்கவே பயமாக இருந்தது.

ஒருவேளை அது வேறு கடலாக இருக்குமோ என்று மாமாவிடம் கேட்டேன். அம்மாவின் தம்பி அவர். பவர்லூம் வைத்திருந்ததால் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழக்கம்.

"எல்லாம் ஒரே கடலுதாம்லே. ஒங்க தாத்தாவ ராமேஸ்வரத்துல விட்டோம்லா, இந்நேரம் அவரு ஸ்பெயின் போயிச் சேந்திருப்பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. அம்மா பக்கம் திரும்பி, "எக்கா, அங்கன அவரைப் பாத்தா நான் கேட்டதாச் சொல்லு" என்றார்.

"ஒனக்கு நாக்குலதாம்லே சனி" என்று அம்மா எழுந்து போனாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா செய்ததெல்லாம் என் பயத்துக்குச் சாட்சி சொன்னது. கோமதியம்மன் கோவிலுக்கு ஒருநாள் விடாமல் போனாள். புற்றுமண் கொண்டுவந்து என் நெற்றியில் பூசி, மிச்சத்தைத் தன் தொண்டைக்குழியில் தேய்த்துக்கொண்டாள். அப்பா வாங்கிக் கொடுத்த கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்து பழகினாள். முள்ளுக்காட்டுக்குள் போகிறவள் போல ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். அத்தையைக் கூப்பிட்டு, எனக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் கறி தொண்டையில் இறங்காது, இருட்டில் தனியாகப் படுக்கமாட்டேன் என்பதையெல்லாம் சொன்னாள்.

"ஏட்டி, ஒரு வாரத்துக்கா இம்புட்டு?" என்றாள் அத்தை. "வளத்து ஆளாக்கிக் கல்யாணம் பண்ணி வையின்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு."

அத்தை கிண்டலாகத்தான் சொன்னாள். நான் போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"நீ போவாதம்மா."

"அப்பா ஆசைப்படுதாவல்லா."

"கடலுக்கு மட்டுமாவது போவாத."

"போவல" என்றாள். சொன்ன மாதிரியே அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் கடல் வேண்டாம், இன்னொரு ஊரையே பார்ப்போம் என்று கேட்டுப் பார்த்தாள்.

"கூட வாரவன் பூரா பீச்சுக்குப் போறேங்கான். நாம மட்டும் பாஷை தெரியாத ஊர்ல போயி முழிச்சிக்கிட்டு நிக்கணுமா?" என்றார் அப்பா. அவருக்கு அந்தப் பயணம் அவ்வளவு பெரிதாக இருந்தது. பதினைந்து வயதிலிருந்து டப்பா தூக்கியவர். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், சுவருக்கு எந்தக் கலர் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் லிஸ்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "சாதாரணக் காய்ச்சல்தான், சரியாயிரும். நீங்க தாராளமாப் போயிட்டு வாங்க" என்றார். அப்பாவுக்கு உயிர் வந்தது. அம்மா இரண்டு நாளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். கண்ணை மூடினால் எனக்குத் தண்ணீருக்குள் அம்மாவின் ஷூ தெரிந்தது.

புறப்படுகிற அன்று மத்தியானம் தூங்கி எழுந்தபோது தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. தலைவலி இல்லை. பசித்தது. சாயங்காலம் சென்னைக்கு ரயில். பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"இப்ப எப்படி இருக்கு அவனுக்கு?"

அம்மா என் நெற்றியில் கையை வைத்தாள். அவளுடைய உள்ளங்கைதான் சுட்டது.

"இன்னும் கொதிக்குது" என்றாள். "நீங்க மட்டும் போயிட்டு வாங்க. பிள்ளைய இப்படிப் போட்டுட்டு நான் எப்படி வருவேன்?"

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புறங்கையை என் கழுத்தில் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா என் போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"ஆமா" என்றார் அப்பா. "கொதிக்கத்தான் செய்யுது."

எழுந்து போய்ப் பெட்டியை உள்ளே கொண்டுவந்து திறந்து, அம்மாவின் சேலைகளை மடிப்புக் கலையாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் அடுக்கினார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு முடியவில்லையே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

பெரியவர்கள் இரண்டு பேர் தொட்டுப் பார்த்துச் சொன்னால் அது காய்ச்சல்தான். எனக்குத்தான் தெரியவில்லைபோல என்று, வேர்க்க வேர்க்கப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் படுத்துக்கிடந்தேன்.