கோல சிலாங்கூரில் மண்ணை மூட்டை கட்டியவர்கள்

எண்பதுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதம், ரவாங்கில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவைப் பார்க்க மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மலேசியா போனேன். விமான டிக்கெட்டுக்கு வழி செய்தது எங்கள் வயல்தான். ஆற்றங்கரைத் துண்டின் மேல்மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டிச் செங்கல் சூளைக்குக் கொடுத்தோம். ஊரில் எல்லோரும் செய்ததுதான் என்பதால் நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அக்கா வீட்டில் நான்கு நாள் உட்கார்ந்து தின்று அலுத்துப்போய், கோல சிலாங்கூர் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். காலை ஏழே காலுக்குப் பேருந்து. பத்தாங் பெர்ஜுந்தை வழியாக (இப்போது அந்த ஊருக்கு வேறு பெயர்) ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், கட்டணம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நாற்பது காசு. ஒன்பது மணிக்கு இறங்கி, கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றுக்கு டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் சேகர் மூன்று வெள்ளி கேட்டார்.

ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பின்னால் இரண்டு சாக்கு நிறைய கெராங் ஓடு, அதாவது சிப்பி ஓடு. மீன்பிடித் துறையில் பொறுக்கியதாம். தோட்டத்தில் இருக்கும் தன் அக்கா மண்ணுக்குப் போடுவார் என்றார் சேகர். "மொதல்ல இத எறக்கிட்டுப் போயிருவோம்லா அண்ணே, ஒரு வெள்ளி கொறச்சிக்கிறேன்." ஒரு வெள்ளிக்கு ஆசைப்பட்டுத் தலையாட்டினேன்.

எட்டு கிலோமீட்டர் தள்ளி அந்த ரப்பர் தோட்டம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால், வடிகால் ஓரமாக, நான்கு பேர் நிலத்தை வெட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கிழங்கு எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சாக்கில் வெறும் மண்.

சேகரின் அக்கா பாக்கியம், அவர் கணவர், இரண்டு மகள்கள். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் எட்டு வருடமாகக் கத்தரியும் பயற்றங்காயும் போட்டுவந்தவர்கள் இவர்கள். திங்கட்கிழமை இயந்திரம் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போடும், பிறகு செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நடுவார்கள். புக்கிட் பெலிம்பிங்கில் உறவினர் ஒருவர் தன் வீட்டுப் பின்புறத்தில் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார். மண்ணை அங்கே கொண்டுபோக மூன்று மணிக்கு லோரி வருகிறது. அதற்குள் அள்ள முடிந்தவரைதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே மண்ணே கிடையாதா என்று கேட்டேன். பாக்கியம் கோபப்படவில்லை. புது இடத்திலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்த மண்ணைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, முகம் சுளித்துத் துப்பினார். பிறகு காலடி மண்ணில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார். இதைத் துப்பவில்லை. நான் அதிர்ந்துபோனேன். குழம்பில் உப்புப் பார்க்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் செய்தார்.

"இதுவும் அப்படித்தான் புளிச்சுக் கெடந்திச்சி தம்பி. ஓட்டச் சுட்டு இடிச்சிப் போட்டு, சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் போட்டு, எட்டு வருசமா புளிப்ப எடுத்திருக்கேன். இத உட்டுட்டுப் போவச் சொல்றீங்களா?"

கடலோரக் களிமண்ணில் தண்ணீரை வடித்தால் புளித்துவிடும், அதில் எதுவும் பிழைக்காது என்று சேகர் விளக்கினார். மூன்று தலைமுறைப் பட்டா வைத்திருக்கும் குடும்பம் நாங்கள். எங்கள் மண் என்ன ருசி என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மணி பன்னிரண்டாகியும் பாதிகூட முடியவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நான் சட்டையைக் கழற்றினேன், சேகர் டாக்சியைப் பூட்டிவிட்டு வந்தார். மூன்றரைக்கு லோரி வந்தபோது அறுபத்து மூன்று மூட்டை தேறியது. இதற்கு மேல் வண்டி தாங்காது என்றார் லோரிக்காரர். ஒரு பாத்தி அள்ளாமலே கிடந்தது. பாக்கியம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க ஊரு மண்ணு எப்படி தம்பி? அங்கல்லாம் புளிப்பே இருக்காதாமே?" என்றார்.

நல்ல மண் என்று சொன்னேன்.

டாக்சியில் ஏறப்போனவனை நிறுத்தினார். "சப்பாத்தக் கழட்டிக் குடுங்க." காலணிகளைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, அதன்மேல் இரண்டையும் தட்டி, அடியில் அப்பியிருந்ததைக் குச்சியால் சுரண்டி உள்ளே போட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். விளையாட்டுக்குச் செய்யவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மேலே சொன்ன கட்டணமெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் மழை வரக்கூடும், குன்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நான் அதை அன்றைக்குப் பார்க்கவே இல்லை. ஐந்தரைப் பேருந்தைப் பிடிக்கத்தான் நேரம் இருந்தது. லயத்துப் பக்கம் போனால் காய்கறிப் பாத்தியில் கால் வைக்கும் முன் கேளுங்கள், வெளியே வரும்போது காலைத் தட்டிவிட்டு வாருங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள், மேல்மண் வெட்டிக் கொடுத்த ஆற்றங்கரைத் துண்டில் இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. மணல்தான் பல்லில் நறநறத்தது.